ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கதைமரபு: மணலிலும் பாட்டிலும் எழுத்திலும்

மேற்கு ஆஸ்திரேலியாவில், கிரேட் சாண்டி பாலைவனத்தை ஒட்டி, பிர்னினி என்றொரு சிறு குடியிருப்பு இருக்கிறது. 1997ஆம் ஆண்டு அங்கே நில உரிமைக் கோரிக்கை ஒன்றை விசாரிக்கத் தேசியப் பூர்வீக உரிமைத் தீர்ப்பாயம் கூடியது. கோரிக்கை வைத்தவர்கள் வால்மஜாரி, வங்காஜுங்கா, மங்காலா, ஜுவாலினி மொழிகளைப் பேசும் பாலைவன மக்கள். சட்டத்தின் ஆங்கிலத்தில் தங்கள் உரிமையை விளக்க முடியாது என்று கண்ட அவர்கள், 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட துணியைத் தரையில் விரித்து, நாற்பது பேருக்கு மேல் சேர்ந்து அமர்ந்து, தங்கள் நாட்டை அதில் வரைந்தார்கள். விசாரணையின்போது ஒவ்வொருவராக எழுந்து, ஓவியத்தில் தத்தம் நீர்நிலை வரையப்பட்டிருந்த இடத்தில் போய் நின்று, அந்த இடத்தின் கதையைத் தாய்மொழியில் சொன்னார்கள். ஞுராரா மக்கள் என்று இன்று அறியப்படும் அவர்களுடைய நில உரிமையை 2007இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது.

ஓவியத்தின் மேல் கால் வைத்து நின்று சாட்சி சொல்வது அவர்களுக்கு இயல்பான முறையே. அந்தத் துணியில் வரும் ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்லும் உரிமை பெற்ற குடும்பங்கள் உண்டு. கதையை முறைப்படி கற்று, அதற்குரிய பாட்டையும் சடங்கையும் அறிந்திருப்பதே ஒருவர் அந்த நிலத்துக்கு உரியவர் என்பதற்குச் சான்று. நம் ஊரில் பட்டா செய்யும் வேலையை அங்கே கதை செய்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அவர்களுடைய ஓவியமும் வாய்மொழியும் எழுத்தும் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

பூர்வகுடிகள் என்று ஒரே சொல்லில் குறிப்பிட்டாலும் அவர்கள் ஒரே மக்கள் கூட்டம் அல்லர். 1788இல் பிரிட்டிஷார் சிட்னியில் குடியேறியபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. வடக்கே அர்னெம் லாந்துப் பகுதியில் மஜெட்பெபே என்னும் பாறை ஒதுக்கிடத்தில் கிடைத்த கற்கருவிகளும் அரைத்த காவிக்கற்களும் ஏறத்தாழ 65,000 ஆண்டுப் பழமையானவை என்று 2017இல் வெளியான ஆய்வு கணித்தது. டாரஸ் நீரிணைத் தீவுகளில் வாழ்பவர்கள் தனி மரபினர். அவர்களை ஆஸ்திரேலிய அரசும் தனியாகவே குறிப்பிடுகிறது. எனவே ‘பூர்வகுடிக் கதை’ என்று பொதுப்படச் சொல்வதை விட, யாருடைய கதை, எந்த நிலத்தின் கதை என்று கேட்டுத் தொடங்குவதே முறை. இக்கட்டுரை பெரும்பாலும் நடுப் பாலைவனத்தையும் அர்னெம் லாந்தையும் எடுத்துக்கொள்கிறது.

பாலைவன மக்களின் கதைகள் அனைத்துக்கும் அடித்தளமாக ஒரு கருத்து இருக்கிறது. உலுரு மலையைச் சுற்றி வாழும் அனங்கு மக்கள் அதை ஜுகுர்பா என்கிறார்கள். வால்பிரி மக்கள் ஜுகுர்ப்பா என்கிறார்கள். அரண்டா மக்கள் அல்ட்யெர என்கிறார்கள். ஆங்கிலத்தில் ட்ரீமிங் என்றும் தமிழில் கனவுக்காலம் என்றும் வழங்குவது இதுவே. மனிதராகவும் விலங்காகவும் ஒருசேர இருந்த முன்னோர்கள் நிலத்தின் மீது பயணம் செய்தார்கள், சண்டையிட்டார்கள், காதலித்தார்கள், தவறு செய்தார்கள்; அவர்கள் நடந்த இடங்களெல்லாம் குன்றாகவும் ஓடையாகவும் சுனையாகவும் உருப்பெற்றன; அவர்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்தே திருமணம், உறவு, உணவுப் பங்கீடு, நீர்ப் பயன்பாடு ஆகியவற்றின் விதிகள் பிறந்தன. இவையெல்லாம் என்றோ நடந்து முடிந்துவிட்டவை என்று அம்மக்கள் கருதுவதில்லை. முன்னோரின் ஆற்றல் அந்த இடங்களில் இன்றும் இருக்கிறது. பாடியும் ஆடியும் வரைந்தும் அதைப் பேணுவது உயிரோடிருப்பவர்களின் கடமை.

உலுருவின் தென்புறத்தில் முட்டிஜுலு என்னும் நீர்ச்சுனை உள்ளது. அங்கே நடந்ததாக அனங்கு மக்கள் வெளியாருக்கும் சொல்லும் கதையில், குனியா என்னும் மலைப்பாம்புப் பெண் தன் முட்டைகளைச் சுமந்துகொண்டு நெடுந்தொலைவு வருகிறாள். அவளுடைய உடன்பிறந்தவரின் மகனை லிரு என்னும் நச்சுப்பாம்பு ஆண்கள் தாக்கிக் கொல்கிறார்கள். சினம் கொண்ட குனியா சடங்கு நடனம் ஆடியபடி முன்னேறி, லிரு வீரன் ஒருவனின் தலையில் இருமுறை அடித்து வீழ்த்துகிறாள். பாறையின் மேல் காணப்படும் ஆழமான பிளவுகள் அந்த அடிகளின் தழும்புகள். வளைந்து செல்லும் கருங்கோடு குனியாவே. குழந்தைகள் இக்கதையைக் கேட்கும்போது உறவினரைக் காக்கும் கடமையையும், பழி வாங்குதலின் அளவையும், அந்தச் சுனையின் இருப்பிடத்தையும் ஒன்றாகக் கற்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் பல்லாண்டுகள் ஏறிவந்த பாதையும் அப்படியொரு கதைக்கு உரியதுதான்: மாலா என்னும் சிறு கங்காரு இனத்து முன்னோர்களில் ஆண்கள் உலுருவுக்கு வந்தபோது சென்ற வழி அது. 1985 அக்டோபர் 26 அன்று உலுரு அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 2019இல் அதே நாளில், மலையேற்றம் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அந்த முடிவைச் சுற்றுலாக் கட்டுப்பாடு என்று மட்டும் பார்த்தவர்கள் அதன் காரணத்தைத் தவறவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கதை சட்டமாகவும் நிலவுரிமையாகவும் இருப்பதால், அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. வால்பிரி மக்களிடம் இதற்குத் தெளிவான ஏற்பாடு உண்டு. தந்தைவழியாக ஒரு நிலத்துக்கும் அதன் கதைக்கும் உரியவர்கள் கிர்டா. தாய்வழியாக அதனோடு உறவுடையவர்கள் குர்டுங்குர்லு. கிர்டா ஆடுவார், பாடுவார், வரைவார். குர்டுங்குர்லு அருகிலிருந்து, எல்லாம் பிழையின்றி நடக்கிறதா என்று கண்காணிப்பார். கிர்டா ஓர் இடத்தின் பெயரை விட்டுவிட்டாலோ, வரிசையை மாற்றினாலோ, திருத்தும் உரிமையும் கடமையும் குர்டுங்குர்லுவுக்கு உண்டு. இதைத் தவிர, பெண்களுக்கு மட்டும் உரிய கதைகளும், ஆண்களுக்கு மட்டும் உரியவையும், வயதும் சடங்குத் தகுதியும் பெற்றபின் மட்டுமே கேட்கக்கூடியவையும் உண்டு. ஒரே கதைக்குக் குழந்தைகளுக்குச் சொல்லும் மேலடுக்கு ஒன்றும், முதியவர்கள் மட்டும் அறிந்த உள்ளடுக்குகள் பலவும் இருக்கும். மானிடவியலாளர் ஒருவர் நம்பிக்கையின் பேரில் தமக்குக் காட்டப்பட்ட இரகசியச் சடங்குச் செய்திகளை நூலாக வெளியிட்டபோது, பிட்ஜன்ஜஜாரா மக்கள் வழக்குத் தொடுத்து, 1976இல் நார்தர்ன் டெரிட்டரி எனப்படும் வடக்கு ஆட்புலத்தில் அந்நூலின் விற்பனையைத் தடுத்தார்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைத் துக்கக் காலத்தில் உச்சரிப்பதில்லை, உருவப்படத்தையும் காட்டுவதில்லை. இறந்தவர்களின் பெயரோ உருவமோ இடம்பெறலாம் என்று ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் வரும் எச்சரிக்கைக்கு இதுவே காரணம். இக்கட்டுரையிலும் மறைந்தவர்கள் சிலரின் பெயர்கள் வருகின்றன என்பதை அந்த மரியாதையோடு இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

வாய்மொழி என்றால் நாம் உரைநடையில் சொல்லப்படும் கதையை நினைப்போம். பாலைவனத்தில் அது பெரும்பாலும் பாட்டு. முன்னோர் ஒருவர் கடந்து சென்ற வழிநெடுக உள்ள இடங்கள் ஒவ்வொன்றுக்கும் சிறு சிறு பாடல்கள் உண்டு; அவற்றை வரிசையாகப் பாடினால் ஒரு பயணப் பாதை முழுதும் கண்முன் விரியும். பாடல்வழி என்று இதைச் சொல்லலாம். நீர் எங்கே கிடைக்கும், எந்தக் குன்றைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பாட்டுக்குள் இருக்கும். நெடும் பாடல்வழி ஒன்று பல மொழியினரின் நிலங்களைக் கடந்து செல்கிறது. ஒவ்வொரு மக்களும் தம் நிலத்தில் வரும் பகுதிக்குப் பொறுப்பாளர்கள். அதற்கு அப்பால் அண்டை மக்கள் தொடர்வார்கள்.

இவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது ஏழு சகோதரிகளின் கதை. நியிரு அல்லது யுர்லா என்று இடத்துக்கு ஏற்பப் பெயர் மாறும் ஒரு சூனியக்காரன், தான் மணக்கக்கூடாத உறவுமுறையில் இருக்கும் சகோதரிகளைப் பின்தொடர்கிறான். அவர்கள் மேற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பாலைவனத்தைக் கடந்து ஓடுகிறார்கள். அவர்களை மயக்கப் பல உருவங்களை எடுக்கிறான். அவர்கள் ஒளிந்த குகைகளும் தங்கிய சுனைகளும் நிலத்தில் நிலைத்துவிட்டன. இறுதியில் சகோதரிகள் வானேறி, நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டமாகிறார்கள். அவன் ஓரியன் விண்மீன்களில் இருந்துகொண்டு இன்றும் துரத்துகிறான். மூன்று பாலைவனங்களின் முதியவர்கள், தங்கள் பேரப்பிள்ளைகள் பாட்டை மறந்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில், கான்பராவிலுள்ள தேசிய அருங்காட்சியகம் 2017இல் இக்கதையை ஓவியங்களாலும் ஒளிப்பதிவுகளாலும் பெரிய கண்காட்சியாக அமைத்தது.

வாயால் சொல்லப்படுவது சில தலைமுறைகளில் உருமாறிவிடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அதை மறுபரிசீலனை செய்ய வைத்த சான்று கடற்கரையிலிருந்து வந்தது. கடைசிப் பனியூழி முடிந்தபின் கடல் மட்டம் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் நிலைபெற்றது. நிலவியலாளர் பேட்ரிக் நன், மொழியியலாளர் நிக் ரீட் ஆகிய இருவரும், கடல் நிலத்தை விழுங்கியதைச் சொல்லும் பூர்வகுடிக் கதைகளை ஆஸ்திரேலியக் கடற்கரையில் 21 இடங்களிலிருந்து திரட்டி, அவை 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நினைவுகளாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். தெற்கே நரிஞ்சேரி மக்களின் கதையில், நுருந்தெரி என்னும் முன்னோர் தன்னை விட்டு ஓடிய மனைவியர் இருவர் கங்காரு தீவுக்கு நடந்தே கடக்கும்போது கடலை உயரச் செய்கிறார். அவர்கள் மூழ்கிப் பாறைத்தீவுகளாகிறார்கள். அந்தத் தீவு நிலப்பரப்போடு இணைந்திருந்தது ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. இவ்வளவு நீண்ட காலம் கதை சிதையாமல் வந்திருக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு, நிக் ரீட் சுட்டிக்காட்டும் பதில் உறவுமுறை சார்ந்த சரிபார்ப்பு: ஒருவர் கற்றுக்கொண்டதை உறவினர் வேறொருவர் சோதித்துத் திருத்தும் ஏற்பாடு. கிர்டா, குர்டுங்குர்லு முறையைப் பற்றி மேலே சொன்னது இதனால்தான்.

இனி ஓவியம். துணியில் வண்ணம் தீட்டுவது பாலைவனத்தில் மிக அண்மைய வழக்கம். அதற்கு முன் மணலும் உடலும் பாறையுமே ஓவியப் பரப்பு. பெண்கள் மணலைக் கையால் சமப்படுத்தி, குச்சியாலோ வளைத்த கம்பியாலோ தரையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே, சொல்லும்போதே கோடுகள் வரைந்து கதை சொல்வார்கள். ஒரு காட்சி முடிந்ததும் மணலைத் துடைத்துவிட்டு அடுத்த காட்சி தொடங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக வரையும் வட்டங்கள் சுனையையோ, முகாமையோ, நெருப்பையோ, குன்றையோ குறிக்கும். குதிரை லாட வடிவம், அமர்ந்திருக்கும் மனிதர் மணலில் விட்டுச்சென்ற தடம். அதன் அருகில் தோண்டுகோல் இருந்தால் பெண், ஈட்டி இருந்தால் ஆண். வட்டங்களை இணைக்கும் கோடு பயணப் பாதை. ஒரே வடிவத்துக்குப் பல பொருள் இருப்பதால், அகராதி வைத்து இவ்வோவியங்களைப் படித்துவிட முடியாது. வரைந்தவர் வாய் திறந்து சொன்னால்தான் இந்த வட்டம் எந்தச் சுனை என்று தெரியும். ஓவியமும் பேச்சும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பப்புன்யா, பாலைவனத்தில் சுதந்திரமாக அலைந்து வாழ்ந்தவர்களை அரசு கொண்டுவந்து அடைத்துவைத்த குடியிருப்பு. வெவ்வேறு மொழியினர் தம் நிலத்தைப் பிரிந்து அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1971இல் அங்கிருந்த பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன், மாணவர்கள் மணலில் வரைந்துகொண்டிருந்த வடிவங்களைக் கண்டு, அவற்றை வரையும்படி ஊக்குவித்தார். அவற்றை வரையும் உரிமை தங்களுக்கே உண்டு என்பதால் முதியவர்கள் முன்வந்து, தேனெறும்பு முன்னோரின் கதையைப் பள்ளிச் சுவரில் தீட்டினார்கள். தொடர்ந்து பலகைத் துண்டுகளில் வரைந்து, 1972இல் தங்களுக்கென்று ஒரு நிறுவனத்தையும் அமைத்துக்கொண்டார்கள். பள்ளிச் சுவர் ஓவியமோ பின்னர் சாயம் பூசி மறைக்கப்பட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தொடக்க காலப் பலகைகள் சிலவற்றில் வெளியார் காணக்கூடாத சடங்குப் பொருள்கள் வெளிப்படையாக இடம்பெற்றிருந்தன; அது மற்றக் குழுவினரின் கடும் எதிர்ப்புக்கு ஆளானது. அதன்பின் ஓவியர்கள் அவற்றை விலக்கினார்கள், அல்லது புள்ளிகளால் மூடினார்கள். பாலைவன ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வரும் அந்தப் புள்ளிகளுக்குச் சடங்குத் தரையோவியத்திலும் உடலோவியத்திலும் பழைய வேர் உண்டு. மறைப்பதற்கான திரையாகவும் அவை வளர்ந்தன. உட்டோபியா பகுதியைச் சேர்ந்த எமிலி காமே ஙுவார்ரேயே ஏறத்தாழ எண்பது வயதை நெருங்கும்போது துணியில் வரையத் தொடங்கினார். அவருடைய பெயரிலுள்ள காமே என்பது ஒரு காட்டுக் கிழங்குச் செடியின் விதையைக் குறிக்கிறது. அந்தக் கிழங்கே அவர் பேணிய கதை, அவர் வரைந்த பொருள்.

வடக்கே அர்னெம் லாந்தில் யூகலிப்டஸ் மரப்பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டி, சமப்படுத்தி, காவிமண் வண்ணங்களால் வரைகிறார்கள். மெல்லிய தூரிகையால் நெருக்கமாக இழுக்கும் குறுக்குக்கோடுகளின் அமைப்பு ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனியானது. 1966இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில், ஒரு முன்னோரின் இறப்புச் சடங்கைச் சொல்லும் மரப்பட்டை ஓவியம் அச்சானது. என்றோ வாழ்ந்த பெயர் தெரியாத ஒருவர் வரைந்தது என்று அதிகாரிகள் எண்ணிக்கொண்டார்கள். வரைந்த டேவிட் மலங்கியோ அப்போது உயிரோடிருந்தார். விஷயம் வெளிப்பட்டபின் அவருக்கு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் வழங்கப்பட்டன. 1994இல் நிலைமை சற்று மாறியிருந்தது. பூர்வகுடி ஓவியங்களை அனுமதியின்றி நகலெடுத்து வியட்நாமில் நெய்த கம்பளங்களைப் பற்றிய வழக்கில், பொருளிழப்புக்கு மட்டுமன்றி, மக்கள் மிதித்து நடக்கும் பொருளில் புனிதக் கதை இடம்பெற்றதால் ஓவியர்கள் தம் சமூகத்தில் அடைந்த துயரத்துக்கும் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. தன் குலக் கதையைக் காக்கத் தவறியவர் என்ற பழி, நகலெடுத்தவரை விட்டுவிட்டு வரைந்தவர் மேல் விழும் என்பதை அந்த நீதிபதி புரிந்துகொண்டார்.

எழுத்து என்ற மூன்றாம் வடிவத்துக்கு வரும்போது, அர்னெம் லாந்திலேயே தொடங்குவது பொருத்தம். 1963இல் யிர்க்கலா பகுதியில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை, அங்கு வாழ்ந்த யோல்ஙு மக்களைக் கேட்காமலேயே அரசு பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவின் சுரங்கத்துக்காகப் பிரித்தெடுத்தது. யோல்ஙு மக்கள் கான்பரா நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். யோல்ஙு மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையின் நடுவில் ஒட்டி, அதைச் சுற்றிலும் தங்கள் குல ஓவியங்களை வரைந்தார்கள். அவர்களுடைய சமூகம் துவா, யிரிட்ஜா என இரு பாதிகளாக அமைந்தது; மனுக்களும் அவ்விரு பாதிகளின் வடிவங்களைத் தாங்கிச் சென்றன. தாளிலிருந்த சொற்கள் ஆட்சியாளரின் முறைப்படி கோரிக்கை வைத்தன. சுற்றியிருந்த ஓவியம் யோல்ஙு சட்டப்படி உரிமையை நாட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. விசாரணைக் குழு இழப்பீடு தரச் சொன்னது, ஆனாலும் சுரங்கம் வந்தது. வழக்காடியபோது, 1971இல் நீதிபதி யோல்ஙு மக்களுக்குச் சட்டமுறை உண்டென்று ஒப்புக்கொண்டும் நிலவுரிமையை மறுத்தார். எனினும் அந்தத் தோல்வியே 1976இல் வடக்கு ஆட்புலத்தின் நில உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. சித்திரம், சொல், எழுத்து மூன்றும் ஒரே பலகையில் கூடிய இந்த மனுவைப் போல இந்த மரபை விளக்கும் பொருள் வேறொன்றை நான் அறியேன்.

அச்சு நூல்களின் வரலாறு இழப்பிலிருந்து தொடங்குகிறது. நரிஞ்சேரி மக்களைச் சேர்ந்த டேவிட் உனைப்பன், மறைப்பணியாளர், கண்டுபிடிப்பாளர். 1995 முதல் 50 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. 1920களில் அவர் திரட்டி எழுதிய கதைத் தொகுப்பு, 1930இல் லண்டனில் வில்லியம் ராம்சே ஸ்மித் என்னும் வேறொருவரின் பெயரில் வெளிவந்தது. உனைப்பனின் பெயருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. உனைப்பனின் பெயரோடு அது நூலாக வர 2001 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, அவர் மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பின். கதைக்கு உரியவர் யார் என்பதையே மையமாகக் கொண்ட ஒரு மரபுக்கு இதைவிடப் பெரிய அநீதி இழைத்திருக்க முடியாது. 1964இல், அப்போது கேத் வாக்கர் என்று அறியப்பட்ட ஊட்ஜெரு நூனக்கல், கவிதைத் தொகுப்பு வெளியிட்ட முதல் பூர்வகுடிக் கவிஞரானார். மேடையில் உரக்கப் படிப்பதற்கு ஏற்ற எளிய, நேரடியான ஆங்கிலத்தில், நில உரிமைப் போராட்டத்தின் குரலாக அவர் எழுதினார். பின்னாளில் மின்ஜெரிபா தீவில் தம் மக்களின் நிலத்தில் அமர்ந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொன்னார்.

ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு பக்கம் இருக்க, மொழிகளே அழிந்துவருவது மறு பக்கம். 250க்கும் மேற்பட்ட மொழிகளில் இன்று எல்லா வயதினரும் பேசும் நிலையில் இருப்பவை பன்னிரண்டு அளவிலேயே என்று 2020இல் வெளியான தேசிய அறிக்கை கூறுகிறது. தென்மேற்கில் நூங்கர் மக்களிடையே நடக்கும் வேலை இந்தச் சூழலில் கவனிக்கத்தக்கது. அமெரிக்க மொழியியலாளர் கெர்ஹார்ட் லேவ்ஸ், 1930ஐ ஒட்டி ஆல்பனி நகர்ப் பகுதியில் நூங்கர் மக்கள் சொல்லக் கேட்டு எழுதிவைத்த கதைகள் பல பத்தாண்டுகள் தாள்களாகவே கிடந்தன. ஆஸ்திரேலிய இலக்கிய விருதான மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதை 2000, 2011 ஆகிய ஆண்டுகளில் பெற்ற நாவலாசிரியர் கிம் ஸ்காட்டும் அவர் உறவினர்களும் நடத்தும் விர்லோமின் நூங்கர் திட்டத்தில், அக்கதைகளைச் சொன்னவர்களின் வழித்தோன்றல்களை முதலில் கூட்டி, தாள்களை அவர்கள் கையில் கொடுத்து, மூத்தோரின் நினைவில் எஞ்சியிருந்த ஒலிகளோடு ஒப்பிட்டு, வாய்விட்டுப் படித்து மீட்டார்கள். பிறகு கதைகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்று சொன்னார்கள். அச்சுக்குப் போனது அதற்குப் பின்புதான்: 2011இல், நூங்கரும் ஆங்கிலமும் அருகருகே அமைய, சமூகத்தார் வரைந்த படங்களோடு முதல் இரண்டு நூல்கள் வெளிவந்தன.